வல்லினத்திற்காக ஓர் இரவு

வல்லினம் மூக்கில் கசிந்தால் மெல்லினமாகிவிடும் என்பதை நாங்கள் எங்கள் மகளிடம் கற்றோம். அன்னப்பிளவோடு பிறந்தவள் அவள். முதல் பிறந்தநாளையொட்டி அண்ணத்தைத் தைத்தார்கள். ஆயினும் ஆறு வயதிலும் அவள் 'பாட்டி' என்றால் கேட்போர்க்கு 'மாண்ணி' என்றே ஒலித்தது. மெல்லினத்தின் பிறப்பிடம் மூக்கு என்கிறார் பவணந்தியார். மென்அண்ணம் மேலெழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொடாவிடில், வாய்க்குரிய காற்றும் அவ்வழியே போய்விடுகிறது.

பேச்சுப் பயிற்சி போதாதென்றானபின், பின்சுவரிலிருந்து ஒரு தசைமடலை எடுத்து மென்அண்ணத்தோடு தைப்பதென முடிவாயிற்று. முதல்நாள் மாலை மயக்கவியல் மருத்துவர் வந்தார். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: "பிள்ளைக்கு வலியே தெரியக் கூடாது, டாக்டர்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தார். "வலியை முற்றாக அடக்கும் மார்ஃபின் போன்ற மருந்து மூச்சையும் அடக்கும். நாளை இவள் மூச்சுவழியை நாங்களே குறுக்கப் போகிறோம். வீக்கமும் சேரும். முதல் இரவுதான் கவனம்" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். செவோஃப்ளூரேன் வாயு விரைவில் தெளியும். ஆனால் சில குழந்தைகள் விழிக்கையில் எவரையும் அறியாது திமிறுவர். அத்திமிறலில் இரத்த அழுத்தம் ஏறி, புதுத்தையலில் குருதி கசியலாம். ப்ரோபோஃபாலால் மயக்கத்தை நீட்டித்தால் விழிப்பு அமைதியாகும், வாந்தியும் குறையும். ரெமிஃபென்டனில் நிறுத்திய சில நிமிடங்களில் நீங்கிவிடும். மூச்சு மீளும், வலியும் உடன் மீளும். ஆகவே அறுக்குமிடத்தில் மரப்பூசி, அதன்பின் பாராசிட்டமால். 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டான்சில் அறுவைக்குப்பின் குழந்தைகளுக்குக் கோடீன் தருவதை எதிர்த்து எச்சரித்ததையும் சொன்னார். சில உடல்களில் அது மிக விரைவாக மார்ஃபினாக மாறி மூச்சை நிறுத்தியிருக்கிறது.

அறிவுக்கு எல்லாம் விளங்கியது. அன்றிரவு அவள் அழுதபோது அறிவு எங்களிடம் இல்லை. செவிலியரிடம் இன்னும் வலிய மருந்து கேட்டு மன்றாடினோம், குரலையும் உயர்த்தினோம். அவர் சினவாமல் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். "அழுகிறாள் என்றால் மூச்சு இருக்கிறதம்மா" என்றார். அவள் உறங்கியதும் குறட்டை எழுந்தது. விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரில் எண் 88க்கு இறங்கிற்று. தாடையை உயர்த்தி ஆக்ஸிஜன் வைத்ததும் 96க்கு ஏறியது. நாங்கள் கேட்ட மருந்தைத் தந்திருந்தால் அந்த எண் எங்கே நின்றிருக்கும் என்று எண்ணியபடியே விடியும்வரை விழித்திருந்தோம்.

இவ்வழியில் செல்லவிருக்கும் பெற்றோரே, பிள்ளை குறட்டை விடுவதையோ சளி பிடித்திருப்பதையோ தேதி தள்ளிப்போகுமென்று மறைக்காதீர்கள். எந்த மயக்கமருந்து, ஏன் என்று கேளுங்கள். இரவில் யார் கவனிப்பார் என்றும் கேளுங்கள்.

நான்கு திங்கள் கழிந்தன. ககரம் இன்னும் சற்றே கசிகிறது. சென்ற ஞாயிறு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து "பாட்டி" என்றாள். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "யாரு, நம்ம பாப்பாவா பேசறா?" என்று எங்களிடம் கேட்டார்கள்.