எர்ரகட்டாவும் தார்நாக்காவும்: மனச்சிதைவின் காரணத் தேடல்

ஹைதராபாத்தில் ஒருவரைப் பைத்தியம் என்று கேலி செய்ய ஓர் இடப்பெயரே போதும்: எர்ரகட்டா. அரசு மனநல மருத்துவமனை அமைந்துள்ள பகுதி அது. சென்னையில் கீழ்ப்பாக்கம் என்ற பெயருக்கு வாய்த்த விதியே அங்கு எர்ரகட்டாவுக்கும் வாய்த்தது. இத்தகைய இடப்பெயர்கள் நோயின் காரணம் பற்றி எதுவும் சொல்வதில்லை. பழைய சொற்கள் அப்படியல்ல. பித்து என்ற சொல் பித்தத்தோடு பிணைந்தது. பைத்தியம் என்பதும் பித்தம் சார்ந்த வடசொல்லின் வழி வந்ததே. உடலுக்குள் ஒன்று மிகுந்துவிட்டது என்னும் விளக்கம் அச்சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. பேய் பிடித்தல், செய்வினை, கண்ணேறு ஆகியவை காரணத்தை வெளியே வைக்கின்றன. ஆக, நோய் உடலிலிருந்து வருகிறதா, சூழலிலிருந்து வருகிறதா என்னும் விவாதம் மரபணு என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே வழக்கில் இருந்திருக்கிறது. 1908இல் பிளாய்லர் உருவாக்கிய ஸ்கிசோஃப்ரீனியா என்னும் சொல்லுக்குத் தமிழில் வழங்கும் மனச்சிதைவு என்பதோ காரணம் குறித்து மௌனம் காக்கிறது. அம்மௌனம் நியாயமானது.

ஒரே காரணத்தைக் கண்டறிந்தால் மனக்கலக்கம் தீர்ந்துவிடும் என்னும் நம்பிக்கைக்கு ஓர் உண்மையான முன்னுதாரணம் உண்டு. அதன் ஒரு பகுதி எர்ரகட்டா இருக்கும் அதே நகரில் நிகழ்ந்தது. தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் பெலாக்ரா, ஒரு காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மனநோய் விடுதிகளை நிரப்பியது. அது தொற்றுநோயன்று, உணவுக் குறைபாடு என்று கோல்ட்பெர்கர் நிறுவினார். 1937இல் நியாசின் என்னும் வைட்டமினே மருந்து எனத் தெளிவாயிற்று. குன்னூரில் தொடங்கி 1958இல் ஹைதராபாத்தின் தார்நாக்காவுக்கு இடம்பெயர்ந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில் (இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்) சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் தக்காணத்துச் சோளம் உண்ணும் ஏழைகளிடம் இதே நோயைக் கண்டனர். மக்காச்சோளம் உண்போரின் நோய் என்று உலகம் அறிந்திருந்தது இங்கே வெள்ளைச்சோளம் உண்போரிடம் ஏன் வந்தது? சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலம் நியாசின் உருவாக்கத்தைக் குலைக்கிறது என்று 1960இல் அவர்கள் முன்வைத்த கருதுகோள் பின்னர் விவாதத்துக்கு உள்ளானது. இத்தனை எளிய நோயிலும் வைட்டமின், தானியம், வறுமை எனக் காரணம் ஒன்றுக்குள் ஒன்றாக விரிந்தது என்பதே இங்கு நினைவில் கொள்ள வேண்டியது.

நியாசின் இன்னொரு முறையும் தமிழ்நாட்டின் கதைக்குள் வருகிறது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இணைந்து, ஏறக்குறைய 3,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். நிக்கோட்டினிக் அமிலத்தை உயிரணு பயன்படுத்துவதற்கான முதல் படியை நடத்தும் நொதியின் மரபணு அதில் தலைகாட்டியது. ஐரோப்பியத் தரவுகளைப் பெரிதும் நம்பியிருந்த துறையில் இது முக்கியமான குரல்.

ஆனால் இதைப் படித்தவுடன் வைட்டமின் மாத்திரை வாங்க ஓடக் கூடாது. 1950களில் கனடாவில் ஹாஃபரும் ஆஸ்மண்டும் மிகை அளவு நியாசினை மனச்சிதைவுக்கு மருந்தாக முன்வைத்தனர். பிற்காலச் சோதனைகள் அதை உறுதி செய்யவில்லை. 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, நோயோடு தொடர்புடைய 287 மரபணு இடங்களைக் குறித்தது. பொதுவில் பரவியுள்ள இம்மாறுபாடுகளில் ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஒற்றைக் கருமுட்டை இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான நேர்வுகளில்தான். எஞ்சிய இடத்தில் சூழல் இருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நிலவிய பட்டினியின் உச்சத்தில் கருவுற்ற பிள்ளைகளிடமும், 1959-61இன் சீனப் பஞ்சத்தில் பிறந்தவர்களிடமும் இந்நோய் ஏறக்குறைய இருமடங்காகக் காணப்பட்டது. இளவயதுக் கஞ்சாப் பழக்கம், புலம்பெயர்வு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுவன. நகரப் பிறப்பு டென்மார்க்கில் ஆபத்தை உயர்த்தியது. ஆனால் 42 குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளின் தரவை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வில் நகர வாழ்வுக்கும் மனப்பிறழ்வு அனுபவங்களுக்கும் அத்தொடர்பு தென்படவில்லை. கோபன்ஹேகனின் கணக்கை ஹைதராபாத்துக்கு அப்படியே பொருத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இத்தேடல் ஆய்வகத்தோடு முடிவதில்லை. 1948இல் ஃப்ரொம்-ரைக்மான் என்னும் உளப்பகுப்பாய்வாளர் நோயை உண்டாக்கும் தாய் என்ற கருத்தைப் பரப்பினார். அடுத்த சில பத்தாண்டுகள் மேலைநாட்டுத் தாய்மார்கள் பிள்ளையின் நோயோடு அந்தப் பழியையும் சுமந்தனர். ஆதாரமற்றது என அக்கருத்து கைவிடப்பட்டது. இன்று அந்த இடத்தில் பரம்பரை என்ற சொல் வந்து அமர்ந்துள்ளது. அண்ணனுக்கு நோய் என்று தெரிந்தால் தங்கையின் திருமணப் பேச்சு நின்றுபோகும் வீடுகள் இங்கு உண்டு. எண்களோ வேறு கதை சொல்கின்றன: பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும் பிள்ளைகள் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு அது வருவதில்லை, நோயுற்றோரில் பெரும்பாலோரின் பெற்றோருக்கு அந்நோய் இருந்ததில்லை.

மருத்துவமனையில் முதல் நாள் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, "குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததுண்டா?" என்பது. கேட்பவருக்கு அது தரவு. கேட்கப்படுபவரின் காதில் அது எந்தப் பக்கத்து இரத்தம் என்னும் விசாரணையாக விழுகிறது. அம்மா பக்கமும் அப்பா பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றன. பல வேளைகளில் விடை, "இல்லை" என்று வருகிறது. கிணற்றில் விழுந்த சித்தப்பாவும், வீட்டை விட்டுப் போய்த் திரும்பாத அத்தையும் அந்தப் படிவத்தில் ஏறுவதில்லை.