ஓர் உரலும் இரண்டு உலக்கைகளும்

வழங்கிகளைப் பராமரிக்கும் தொழிலில் இருபதாண்டுகளுக்கும் மேலாக இருக்கிறோம். இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் இத்தொழில் பற்றிப் பேச்சு வந்தால், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நாங்களே முந்திக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவோம். ஆனால் ஒன்றை மட்டும் எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு பெட்டிக்குள் எத்தனை செயலிகள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லும் மிக எளிய வேலையைப் பற்றியது அது. அந்த எண்ணிக்கையில் நாங்கள் ஒருமுறை தவறினோம். அத்தவறுக்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

2005ஆம் ஆண்டு. சென்னையில் ஒரு சிறு நிறுவனத்தில் நாங்கள் இருவரும் புதிதாகச் சேர்ந்திருந்தோம். எங்களுக்கு மூத்தவராக இருந்தவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். எங்களைவிட நான்கு வயதுதான் கூடுதல். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஒரு கல்வி நிறுவனத்தின் தேர்வு முடிவுகளை இணையத்தில் வெளியிடும் பணி எங்கள் மூவரிடம் வந்தது. அதற்காகப் புதிய வழங்கி ஒன்று வாங்கப்பட்டது. கொள்முதல் ஆணையில் இரண்டு ஜியான் செயலிகள் என்றிருந்தது. லினக்ஸை நிறுவி, இயந்திரம் எழுந்ததும் பார்த்தால் நான்கு என்று காட்டியது.

எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. அண்ணாச்சி மட்டும் பெட்டியின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "உள்ள ரெண்டுதாம்ப்பா இருக்கு" என்றார்.

இரண்டு எப்படி நான்காகிறது என்பதை இவ்விடத்தில் சொல்லிவிடுகிறோம். இன்டெல் நிறுவனம் 2002இன் தொடக்கத்தில் தன் ஜியான் செயலிகளில் ஹைப்பர்த்ரெடிங் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் மூலக் கருத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டீன் டல்சன், சூசன் எகர்ஸ், ஹென்றி லெவி ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே விரிவாகப் பேசப்பட்டது. ஒரு செயலி தன் நேரத்தில் கணிசமான பகுதியை நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது. கூட்டவும் பெருக்கவும் உள்ள உறுப்புகள் அப்போது சும்மா கிடக்கும். அவ்வேளையில் இன்னொரு நிரலின் கட்டளைகளை அவ்வுறுப்புகளுக்குக் கொடுத்தால் என்ன? இதற்காகச் செயலிக்குள் இரண்டு தனித்தனிப் பதிவேடுகள் வைக்கப்படுகின்றன. யார் எந்த வரியில் நிற்கிறார், கையில் என்ன எண் வைத்திருக்கிறார் என்ற குறிப்புகள் மட்டும் இரண்டு தொகுதி. உழைக்கும் உறுப்புகள் ஒரே தொகுதிதான். இதனால் சில்லின் பரப்பு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே கூடுகிறது என்றும், சில வேலைகளில் 30 விழுக்காடு வரை பயன் கிட்டுகிறது என்றும் இன்டெல் அப்போது எழுதியது. வெளியிலிருந்து பார்க்கும் இயங்குதளத்திற்கோ இரண்டு முழுச் செயலிகள் நிற்பதுபோலவே தோன்றும். பெட்டிக்குள் கையால் தொடக்கூடியது பௌதிகச் செயலி. இயங்குதளம் காண்பது தருக்கச் செயலி.

அன்றிரவு தேநீர்க் கடையில் நின்றுகொண்டு இதையெல்லாம் நாங்கள் அண்ணாச்சிக்கு விளக்கினோம். இணையத்தில் அப்போதுதான் படித்திருந்த மிதப்பு எங்களுக்கு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க அம்மாவும் சித்தியும் ஒரே உரல்ல மாத்தி மாத்திக் குத்துவாங்க. ஒருத்தி ஒலக்கைய ஓங்குற நேரத்துல இன்னொருத்தி போடுவா. வேல வெரசா முடியும், சரிதான். அதுக்காக ரெண்டு ஒரல் ஆயிருமா?" என்றார். நாங்கள் சிரித்தோம்.

அவர் கேட்டதற்கான விடை இயந்திரத்திலேயே இருந்தது. கணினி விழிக்கும்போது பயாஸ், செயலிகளின் பட்டியல் ஒன்றை எழுதி இயங்குதளத்தின் கையில் கொடுக்கிறது. அதில் ஒவ்வொரு தருக்கச் செயலிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எந்த இரண்டு எண்கள் ஒரே சில்லுக்குள் குடியிருக்கின்றன என்பதை அப்பட்டியல் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இயங்குதளம் செயலியிடமே சிபியுஐடி என்ற கட்டளையால் கேட்டு, அடையாள எண்ணை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேற்பகுதி சில்லைக் குறிக்கும். கீழ்ப்பகுதி அதற்குள் இருக்கும் இழையைக் குறிக்கும். சென்னையில் ஒண்டுக்குடித்தனக் கதவுகளில் 12/1, 12/2 என்று எழுதியிருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். கடிதங்களைப் போடுகிறவருக்கு அவை இரண்டு முகவரிகள். கிணறும் கொல்லைப்புறமும் ஒன்றுதான்.

லினக்ஸில் சிபியுஇன்ஃபோ என்ற கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு தருக்கச் செயலிக்கும் ஒரு பத்தி வரும். எங்கள் இயந்திரத்தில் நான்கு பத்திகள். நாங்கள் பத்திகளை எண்ணி நிறுத்திக்கொண்டோம். ஒவ்வொரு பத்திக்குள்ளும் பௌதிக எண் என்றொரு வரி இருந்தது. இரண்டு பத்திகளில் அது 0. மற்ற இரண்டில் 3. பூச்சியத்துக்கு அடுத்து ஏன் மூன்று வருகிறது என்று குழம்பி, ஏதோ பிழையான வரி என அதை ஒதுக்கிவிட்டோம். அவ்வெண்கள் வரிசையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வேறுபட்ட எண்கள் எத்தனை என்று மட்டும் பார்த்தால் போதும். வேறுபட்டவை இரண்டு, ஆகவே உரல்கள் இரண்டு. இது எங்களுக்குத் தெரிந்தபோது காலம் கடந்திருந்தது.

இயங்குதளங்களும் இதே தடுமாற்றத்தைக் கடந்து வந்தவைதாம் என்பது பின்னாளில் எங்களுக்குக் கிடைத்த அற்ப ஆறுதல். விண்டோஸ் 2000 சர்வருக்குப் பௌதிகம், தருக்கம் என்ற வேறுபாடே தெரியாது. நான்கு செயலிகள் வரையே அதற்கு உரிமம். நான்கு ஜியான்கள் உள்ள பெட்டியில் ஹைப்பர்த்ரெடிங்கை இயக்கினால் எட்டு தென்படும்; முதல் நான்கை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். அந்த முதல் நான்கும் இரண்டே சில்லுகளின் இழைகளாக அமைந்துவிட்டால் பாதி இயந்திரம் உறங்கும். அது நேராமலிருக்க, ஒவ்வொரு சில்லின் முதல் இழையையும் பட்டியலில் முன்னால் எழுதிவிட்டு, இரண்டாம் இழைகளைப் பின்னால் தள்ளுவது பயாஸ் எழுதுவோரின் மரபாயிற்று. விண்டோஸ் சர்வர் 2003 வந்த பிறகே உரிமத்துக்குப் பௌதிகச் செயலிகளை மட்டும் எண்ணும் முறை வந்தது. 2005இல் ஒரே சில்லுக்குள் இரண்டு கோர்கள் என்ற புதிய படி நுழைந்ததும் கணக்கு மறுபடி கலைந்தது. சில்லு, கோர், இழை என்று மூன்று அடுக்குகள். ஹைப்பர்த்ரெடிங் உண்டு என்பதுபோல் ஒலிக்கும் ஒரு கொடி, அவ்வசதி சிறிதும் இல்லாத இரட்டைக் கோர் செயலிகளிலும் உயர்த்தப்பட்டிருந்தது. கொடியை நம்பி எண்ணிய மென்பொருள்கள் ஏமாந்தன. எதை எண்ணுவது என்பதில் பணமும் அடங்கியிருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் தரவுத்தள உரிமத்தை 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலும், விண்டோஸ் சர்வர் உரிமத்தை 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலும் கோர்க் கணக்குக்கு மாற்றியது.

எங்கள் கதைக்குத் திரும்புவோம். முடிவுகள் வெளியாவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் இயந்திரத்தின் தாங்குதிறனைச் சோதித்தோம். நொடிக்கு 40 வேண்டுகோள்கள் அனுப்பியபோது செயலிப் பயன்பாடு 50 விழுக்காடு என்று திரையில் வந்தது. அறிக்கையை எழுதியவர்கள் நாங்கள் இருவரும். 'பாதித் திறன் மீதமுள்ளது. நொடிக்கு 80 வரை தாங்கும்' என்று எழுதினோம். அண்ணாச்சி அந்த வரியை இரண்டு முறை படித்தார். "மீதி பாதின்னு உறுதியாச் சொல்லலாமா?" என்று கேட்டார். "நாலுல ரெண்டுதான் ஓடுது அண்ணாச்சி, சிஸ்டமே சொல்லுது" என்றோம். மூத்தவர் என்ற முறையில் அவர் கையெழுத்திட்டார்.

நாங்கள் காணத் தவறியது இதுதான். லினக்ஸின் 2.6 வரிசையில் வேலையைப் பங்கிடும் பகுதி, இயன்றவரை முதலில் தனித்தனிச் சில்லுகளுக்கே ஆள் அனுப்பும். சரியான முறைதான் அது. ஆகவே நான்கு தருக்கச் செயலிகளில் பாதி இயங்குகின்றன என்று திரை சொன்னபோது, இரண்டு உரல்களிலும் ஏற்கனவே ஓர் உலக்கை விழுந்துகொண்டிருந்தது. மீதமிருந்தவை இரண்டாம் உலக்கைகள் மட்டுமே. அவற்றால் கூடுவது கால் பங்கு இருக்கலாம், இன்னும் குறைவாகவும் இருக்கலாம். அந்த இயந்திரத்தின் உண்மையான எல்லை நொடிக்கு 50ஐ ஒட்டியே இருந்தது.

முடிவுகள் வெளியான காலையில் நொடிக்கு 70 வந்தது. எல்லையைத் தாண்டிய 20ம் எங்கும் போய்விடுவதில்லை, வரிசையில் நிற்கின்றன. ஒரு நிமிடத்தில் 1200 பேர் தேங்கிவிட்டார்கள். பக்கம் வராதவர்கள் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்த, வரிசை இன்னும் நீண்டது. பத்து நிமிடங்களில் யாருக்கும் எதுவும் வரவில்லை. மாலை நான்கு மணிவரை அந்நிலைதான். தொலைபேசியை எடுத்தவர்களுள் நாங்களும் இருந்தோம். ஊரில் இணைய மையத்தில் நின்றுகொண்டு மகளின் எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லி, "பாஸா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க சார், போதும்" என்று கேட்ட ஒரு தகப்பனின் குரல் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் விசாரணை. அறிக்கையை மேசைமேல் வைத்து, "பாதி மீதம் என்று யார் எழுதியது?" என்று கேட்டார்கள். அண்ணாச்சி, "கையெழுத்து என்னுடையது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கு இரு பக்கத்திலும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. பார்த்திருந்தால் வாய் திறந்திருப்போமோ என்னவோ. அந்த மாதமே அவரை வேறு பணிக்கு மாற்றினார்கள். ஆண்டு முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சோதனையை மறுபடி நடத்தினோம். பயாஸில் ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்துவிட்டு அதே 40ஐ அனுப்பினோம். திரை 95க்கு மேல் காட்டியது. இருவரும் ஒன்றும் பேசாமல் இயந்திரத்தை மூடிவிட்டு வந்தோம்.

இந்த இரண்டாம் உலக்கையின் கதை அதன்பிறகு எவ்வளவோ தொலைவு போய்விட்டது. ஒரே உரலைப் பகிர்ந்துகொள்வோர் ஒருவர் செய்வதை மற்றவர் உணர முடியும் என்பதை, காலின் பெர்சிவல் அதே 2005இல் காட்டினார். அடுத்த இழையில் ஓடும் நிரலின் இரகசியச் சாவியை, பொதுவான தற்காலிக நினைவகத்தில் அது விட்டுச்செல்லும் தடத்தைக்கொண்டே ஊகித்துவிடலாம் என்றார். 2018இல் இவ்வகைப் பலவீனங்கள் அடுத்தடுத்து வெளிவந்தபோது, ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் இன்டெல் செயலிகளில் இரண்டாம் இழையை முன்னிருப்பாகவே அணைத்துவிட்டது. லினக்ஸிலும் அதை அணைக்க ஒரு சொல் சேர்க்கப்பட்டது. இன்று வாடகைக்குக் கிடைக்கும் மேகக் கணினிகளில் விசிபியு என்று விற்கப்படுவது பல வகைகளில் ஓர் இழைதான், சில வகைகளில் முழுக் கோர். விலைப்பட்டியலில் பெயர் ஒன்றே. நான்கு என்று வாங்கியவர் எதில் நான்கு என்று கேட்டாக வேண்டும்.

2019இல் ஒரு திருமணத்தில் அண்ணாச்சியைப் பார்த்தோம். தெற்கே ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியராக இருக்கிறார். பந்தியில் பக்கத்தில் அமர்ந்துகொண்டு, பதினான்கு ஆண்டுகள் சொல்லாததைச் சொன்னோம். அறிக்கை எங்களுடையது, அன்று நாங்கள் பேசியிருக்க வேண்டும் என்றோம். அவர் இலையிலிருந்து நிமிர்ந்து, "எனக்குச் சந்தேகம் இருந்துச்சுப்பா. சந்தேகத்தோட கையெழுத்துப் போட்டது என் தப்பு. அதுல உங்க பங்க நான் எதுக்கு எடுத்துக்கிடணும்?" என்றார். மன்னித்தாரா, எங்கள் பங்கை எங்களிடமே வைத்துக்கொள்ளச் சொன்னாரா என்று இன்றுவரை எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு பாயசம் வந்தது. பேச்சு அவர் பிள்ளைகளின் படிப்புக்குப் போயிற்று.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுதும்போது சில்லு எத்தனை, கோர் எத்தனை, இழை எத்தனை என்று மூன்று எண்களையும் தரவேண்டும். எல்எஸ்சிபியு என்று ஒரு சொல்லைத் தட்டினால் மூன்றும் வந்துவிடும். ஒரே எண்ணோடு வரும் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவோம். அறிக்கையை எழுதியவர்கள் அனைவரின் பெயரும் கீழே இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. இது எதற்கு என்று பிள்ளைகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். நடைமுறை அப்படி என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.