நிலாவில் இருப்பது யார் முயல்?

மலேசியாவின் பேரா மாநிலத்துப் புந்தோங்கில் வாரம் ஒரு மாலை நடக்கும் மண்டரின் வகுப்பில் நாங்கள் பதினொரு பேர், அத்தனை பேரும் தமிழர். 2025 அக்டோபர் 6, சீனர் கணக்கில் எட்டாம் மாதத்துப் பௌர்ணமி. லாவ்ஷி, அதாவது எங்கள் ஆசிரியர், மூன்கேக் பெட்டியோடு வந்தார். முதலில் பெயரைச் சொல்ல வேண்டும், பிறகுதான் தின்னலாம். 'யுவேபிங்' என்றேன். லாவ்ஷிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'பிங்'கைத் தாழ்த்தி எழுப்பினால் பணியாரம், மேலிருந்து வெட்டி இறக்கினால் நோய். நான் கேட்டது ஒரு துண்டு நிலா நோய்.

"லாவ்ஷி, புரட்டாசி மாசம். இதுல முட்டை இருக்கா?" என்றார் பக்கத்திலிருந்த அக்கா. நடுவில் நிலா மாதிரி இருப்பது உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு. பழைய முறையில் செய்தால் மேல்மாவில் பன்றிக்கொழுப்பும் சேரும். லாவ்ஷி இதையெல்லாம் முன்பே யோசித்திருந்தார். எங்களுக்கென்று தனியாக, கரு இல்லாமல், தாமரை விதை விழுதில் பாண்டான் மணக்கும் சைவ மூன்கேக். எட்டாக வெட்டினார், இனிப்பு அவ்வளவு கனம். கூடவே தம்புன் பம்பளிமாசு. உரித்த தோலை ஒரு பையன் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டான்.

அமுதம் குடித்து நிலாவுக்குப் பறந்துபோன சாங்ஙே, அங்கே உரலில் மருந்து இடிக்கும் முயல் என்று கதை போனது. "முயல் எங்களோடது லாவ்ஷி, புத்தர் கதையோட உங்க ஊருக்கு வந்தது" என்றேன். பந்தயம் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே என்ற கடலைக் கலவை. அதற்குப் பேர்போன புந்தோங்கில் வேறு எதைப் பந்தயம் கட்டுவது?

என் கையில் நல்ல சாட்சி இருந்தது. காஞ்சிபுரம் வரை வந்த சீனத் துறவி யுவான் சுவாங், 646இல் முடித்த பயண நூலில், காசிப் பக்கம் கேட்ட கதையை எழுதியிருக்கிறார். கிழவன் வேடத்தில் பசியென்று வந்த இந்திரனுக்குத் தன்னையே உணவாகத் தர நெருப்பில் குதித்த முயலை, இந்திரன் நிலாவில் வைத்தான். சந்திரனுக்குச் சசி, சசாங்கன் என்று பெயர் வந்ததே முயலால்தான். பொட்டலம் எனக்குத்தான் என்றிருந்தேன்.

கெடுத்தது ஒரு பட்டுத்துணி. சீனாவின் சாங்ஷா நகருக்குப் பக்கத்தில் மவாங்துய் என்ற இடத்தில் 1972இல் ஒரு சீமாட்டியின் கல்லறையைத் திறந்தார்கள். பிணப்பெட்டி மேல் கிடந்த பட்டோவியத்தில் பிறைநிலா, அதன்மேல் தேரையும் முயலும். காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு. பௌத்தம் சீனாவுக்குப் போனது கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கில். என் கட்சி அங்கேயே படுத்துவிட்டது. போதாததற்கு, மெக்சிகோவின் அஸ்டெக் மக்களும் நிலாவில் முயலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

மூன்கேக்கில் சீட்டு ஒளித்து மங்கோலியரை விரட்டினார்கள் என்ற கதையையும் தேடினேன். 1368இல் மிங் ஆட்சி வந்தது உண்மை, சீட்டுக்குத்தான் அந்தக் காலத்து ஆதாரம் இல்லை.

என்னை உறுத்திய கேள்வி வேறு. சீனருக்கு இந்த எட்டாம் மாதப் பௌர்ணமி இலையுதிர்கால அறுவடைத் திருநாள். பேராவில் இலையுதிர்காலம் ஏது? லாவ்ஷியின் தாத்தா கிந்தாவில் ஈயம் அலசியவர், நெல் அறுத்தவரல்ல. அம்மாவிடம் கேட்டேன். தோட்டத்தில் பால் வெட்டியவர். "ஏன் இல்ல? பிப்ரவரி, மார்ச்சுல ரப்பர் மரம் மொத்தமா இலை கொட்டும். பால் குறைஞ்சிரும், சம்பளமும் குறைஞ்சிரும். அதுக்கு எவன் பலகாரம் சுடுவான்?" என்றார். அம்மாவின் நிலாவில் முயல் கிடையாது, வடை சுடும் பாட்டிதான்.

அடுத்த வாரம் கச்சாங் பூத்தேயோடு போனேன். முறுக்குத் துண்டும் கடலையும் கலந்தது, உறைப்பு கொஞ்சம் தூக்கல். லாவ்ஷி பிரித்து எல்லாருக்கும் நீட்டினார். எனக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடி.