கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்பலாமா?



மார்ச் மாதம் பிறந்துவிட்டால் மும்பையில் ஏ.சி. மெக்கானிக்குகளுக்கு ஓய்வு கிடையாது. ஜூன் மாதத்தில் மழை இறங்கும்வரை, காலையில் கருவிப் பையுடன் ரயில் ஏறுகிறவன் இரவு எந்நேரத்தில் வீடு திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து வந்து இந்தத் தொழிலைச் செய்கிற வாலிபர்கள் நம்முடைய சபைகளில் அநேகர் உண்டு. அவர்களுக்காகவும், அவர்களைத் தங்கள் வீட்டு வேலைக்கு அழைக்கிற குடும்பங்களுக்காகவும் இருபது வருஷங்களுக்கு மேல் இதே தொழிலைச் செய்துவருகிறவன் என்ற முறையில் சில காரியங்களை எழுத விரும்புகிறேன்.

எங்கள் தொழிலில் அதிகமாகச் சொல்லப்படுகிற ஒரு வார்த்தை உண்டு. "கேஸ் தீர்ந்துபோயிற்று, நிரப்பினால் சரியாகிவிடும்" என்பதே அது. வீட்டுக்காரரும் அதை நம்பிப் பணம் கொடுத்துவிடுகிறார். ஆனால் உண்மை என்ன? ஏ.சி.யில் இருக்கும் கேஸ், லாரியில் ஊற்றும் டீசலைப்போல எரிந்து தீர்ந்துபோகிற பொருள் அல்ல. அது நம்முடைய சரீரத்தில் ஓடுகிற இரத்தத்தைப் போன்றது. கம்ப்ரசர் அதை அழுத்தி அனுப்புகிறது. வெளியே இருக்கும் காயிலில் அது வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. அறைக்குள் இருக்கும் காயிலில் மறுபடியும் ஆவியாகி, அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறது. மூடப்பட்ட குழாய்க்குள் பத்து வருஷமானாலும் அதே கேஸ்தான் சுற்றிவரும். ஒரு மனிதனுக்கு இரத்தம் குறைந்தால் எங்கே காயம் என்று வைத்தியர் தேடுகிறார் அல்லவா? அப்படியே கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மும்பையில் கசிவு உண்டாவதற்குக் காரணங்கள் ஏராளம். கடற்காற்றின் உப்பும், சாக்கடைகளிலிருந்து எழும்பும் வாயுவும் காயிலின் செம்பை மெல்ல மெல்ல அரித்துவிடுகின்றன. அதிர்வினால் ஒரு குழாய் மற்றொரு குழாயின்மேல் உரசித் துளை விழுகிறது. இணைப்பு நட்டு சரியாக இறுக்கப்படாவிட்டால் அங்கேயும் கசியும். இதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், நைட்ரஜனை அந்த மெஷினுக்குரிய அழுத்தத்தில் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். துளையைப் பற்றவைத்து அடைக்க வேண்டும். அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று காத்திருக்க வேண்டும். பிறகு வேக்யூம் பம்ப் வைத்து, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, தராசில் நிறுத்துக் கேஸ் நிரப்ப வேண்டும். இதற்கு அரை நாள் பிடிக்கும். ஒன்றையும் பார்க்காமல் கேஸ் மாத்திரம் நிரப்பினால் அரை மணி நேரம் போதும். அறை அன்றைக்குக் குளிர்ந்துவிடும், வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும் வெப்பக்காற்று வரும். மறுபடியும் அழைப்பு, மறுபடியும் பணம்.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புஸ்தகம் 13-ம் அதிகாரத்தில், பலமில்லாத மண்சுவருக்குச் சாரமற்ற சாந்து பூசுகிறவர்களைக்குறித்து வாசிக்கிறோம். பார்வைக்குச் சுவர் நன்றாகத்தான் இருந்தது. பெருமழை வந்தபோதுதான் உள்ளே இருந்தது வெளிப்பட்டது. கசிவை அப்படியே விட்டுவிட்டுக் கேஸ் நிரப்புகிற ஒவ்வொரு முறையும் நாம் பூசுவது அந்தச் சாந்துதான்.

அப்படியானால் கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிற வேலை எல்லாமே தவறா என்று நீங்கள் கேட்கலாம். வடக்கே இதை "ஜுகாட்" என்பார்கள். அது இல்லாமல் எங்கள் தொழில் ஒரு நாளும் ஓடாது. ஒரு மே மாத இரவில் செம்பூரில் ஒரு வயதான தாயாரின் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவருடைய கணவர் நுரையீரல் வியாதியினால் படுக்கையில் இருந்தார். படுக்கையறை ஏ.சி.யின் கம்ப்ரசர் ஓடவில்லை. கெபாசிட்டர் உப்பி வெடித்திருந்தது. அந்நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. கூடத்திலும் அதே அளவுள்ள ஒரு ஏ.சி. இருந்தது. அதின் கெபாசிட்டரிலும் அதே மைக்ரோஃபேரட், அதே வோல்ட் அச்சிடப்பட்டிருந்தது. சுவிட்சை அணைத்த பின்பும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், முதலாவது அதை முறைப்படி இறக்கிவிட்டு, கழற்றிப் படுக்கையறை மெஷினில் பொருத்தினேன். பெரியவருடைய அறை குளிர்ந்தது. "இது இன்றைய இரவுக்கு மாத்திரம், நாளை புதியது கொண்டுவருவேன், அதுவரை கூடத்து ஏ.சி.யைப் போட வேண்டாம்" என்று சொல்லி, அதையே ஒரு காகிதத்தில் எழுதி அந்த மெஷின்மேல் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் போய் வேலையை முடித்தேன்.

அதுவும் ஜுகாட்தான். ஆனால் அதில் பொய் இல்லை. ஆகவே இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிமாருக்கு நான் மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுப்பது உண்டு. தற்காலிகமாக ஒன்றைச் செய்யும்போது, இது தற்காலிகமானது என்று வீட்டுக்காரரிடம் சொன்னாயா? திரும்ப வந்து முடித்துக்கொடுக்க உனக்கு மனது உண்டா? பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட எதையாகிலும் நீக்கிவிட்டு வேலையை ஓட்டுகிறாயா? முதல் இரண்டு கேள்விகள் உன் மனச்சாட்சியைப் பற்றியவை. மூன்றாவது கேள்வி உன் ஜீவனைப் பற்றியது. அந்த வீட்டாருடைய ஜீவனையும் பற்றியது.

கம்ப்ரசர் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று ஓவர்லோடைத் தாண்டி நேரடியாக ஒயர் கொடுக்கிறவர்கள் உண்டு. ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றிவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் சிறிய பாகம் தன் வேலையைச் செய்வதினாலேதான் மெஷினை நிறுத்துகிறது. அதின் வாயை அடைத்துவிட்டால், அடுத்து எரிவது வீட்டின் ஒயராக இருக்கும்.

2011-ம் வருஷம் நடந்த ஒரு காரியத்தை நான் மறக்கவே முடியாது. எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பி, வயது இருபத்துமூன்று, ஒரு பட்டறையில் வேலை செய்துவந்தான். அன்றைக்கு நைட்ரஜன் சிலிண்டர் காலியாகிவிட்டது. புதியது வர மாலையாகும் என்றார்கள். பற்றவைப்பதற்காக வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்திலேயே நின்றது. "இன்றைக்கு மாத்திரம் இதை வைத்து அழுத்தம் ஏற்று" என்று அங்கே சொல்லப்பட்டது. கம்ப்ரசருக்குள் எப்போதும் எண்ணெய் இருக்கும். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால், நெருப்புப் பொறி இல்லாமலே அது வெடிக்கும். இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் அது. அவனுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய அவனுடைய தாயார், அடக்க ஆராதனை முடிந்தபின் என்னை அருகில் அழைத்து, மெல்லிய குரலில் ஒன்று கேட்டார்கள். "அந்த நைட்ரஜன் கேஸ் என்ன விலை, தம்பி?" சில நூறு ரூபாய் என்று சொல்ல என் நாவு எழும்பவில்லை. எந்த வாலிபனாகிலும் "இன்றைக்கு மாத்திரம்" என்று என்னிடம் சொல்லும்போது, அந்தத் தாயாரின் கேள்விதான் என் காதில் ஒலிக்கிறது.

இக்காலத்தில் ஆபத்து இன்னும் கூடியிருக்கிறது. பழைய மெஷின்களில் இருந்த ஆர்-22 கேஸ் தீப்பிடிக்காது. ஆனால் வானத்தில் நமக்குக் குடையாயிருக்கிற ஓசோன் படலத்தை அது கெடுப்பதினால், 1987-ம் வருஷத்து மாண்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் உலகெங்கும் அது படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், சுமார் 1,800 கிலோ கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிற அளவுக்கு அதுவும் சூடாக்குகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புகிறவன் வீட்டுக்காரரை மாத்திரம் அல்ல, கர்த்தர் உண்டாக்கின பூமியையும் நஷ்டப்படுத்துகிறான். இப்போது வருகிற மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-32 இருக்கிறது. அது ஓரளவு தீப்பற்றக்கூடியது. சிலவற்றில் இருக்கும் ஆர்-290 என்பது புரொப்பேன். சமையல் கேஸைப்போலவே தீப்பற்றும். ஒரு கேஸ் இருக்கவேண்டிய இடத்தில் மற்றொன்றைக் கலந்து ஓட்டுகிற பழைய வழக்கம் இன்றைக்கு வீட்டுக்குள் வெடியை வைப்பதற்குச் சமம். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று மெஷினின் தகட்டிலேயே எழுதியிருக்கிறது. அதை வாசிக்காமல் ஸ்பானரை எடுக்கக்கூடாது.

உண்மையாய் வேலை செய்தால் உடனே ஆசீர்வாதம் வரும் என்று நான் எழுதினால் அது முழு உண்மையாகாது. 2014-ம் வருஷம், எனக்கு வேலை கொடுத்துவந்த ஒரு ஒப்பந்தக்காரர் ஒரு நாளைக்குப் பத்து வீடுகளை முடிக்கச் சொன்னார். கசிவு பார்க்காமல் கேஸ் நிரப்பமாட்டேன் என்றேன். அந்தச் சீசன் முழுவதும் அவரிடமிருந்து எனக்கு அழைப்பே வரவில்லை. ஜூன் மாதம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்காகச் சபையிலுள்ள ஒரு சகோதரரிடம் கடன் வாங்கினோம். அதைத் தீர்க்க எட்டு மாதம் ஆயிற்று. என் மனைவி அந்நாட்களில் ஒரு நாளும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை; ஆனால் இரவில் அவள் முழங்காலில் நின்று அழுததைக் கேட்டிருக்கிறேன். வானத்திலிருந்து பணம் கொட்டவில்லை. நான் சரிசெய்த மெஷின்கள் அடுத்த கோடையிலும் குளிர்ந்தன, அவ்வளவுதான். அந்த வீட்டார் பக்கத்து வீட்டாரிடம் சொன்னார்கள். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கர்த்தர் எங்கள் அப்பத்தைத் தந்தார்.

2 இராஜாக்கள் 12-ம் அதிகாரத்தில், யோவாஸ் ராஜாவின் நாட்களில் தேவாலயம் பழுதுபார்க்கப்பட்ட சரித்திரம் இருக்கிறது. வேலைக்காரருக்குக் கொடுக்கும்படி பணத்தை வாங்கிக்கொண்ட மனிதரிடத்தில் ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை. அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்பதே காரணம். பழுதுபார்க்கிற தொழிலில் இருக்கிற நமக்கு இதைவிட மேலான நற்சாட்சி வேறென்ன வேண்டும்?

குடும்பத் தலைவர்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. மெக்கானிக்கிடம் "கேஸ் நிரப்ப எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன், "கசிவு எங்கே என்று காட்டுங்கள்" என்று கேளுங்கள். நைட்ரஜன் ஏற்றிப் பார்த்தீர்களா, வேக்யூம் எடுத்தீர்களா, நிறுத்து நிரப்பினீர்களா என்று விசாரியுங்கள். அதற்கு ஆகும் நேரத்தையும் கூலியையும் கொடுக்க மனதாயிருங்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தி, கூலியையும் குறைக்கிற வீட்டில் ஒரு ஏழை வாலிபன் எப்படி உண்மையாய் வேலை செய்வான்? இடுப்பில் பெல்ட் இல்லாமல் ஏழாவது மாடிச் சன்ஷேடில் இறங்க ஒருவனையும் அனுமதியாதிருங்கள். அவனுக்காக ஊரில் ஒரு தாய் ஜெபித்துக்கொண்டிருக்கிறாள்.

பிரியமானவர்களே, நம்முடைய ஆவிக்குரிய ஜீவியத்திலும் இதே காரியம் உண்டு. ஒவ்வொரு கன்வென்ஷனிலும் நிரப்பப்படுகிறோம். அந்நிய பாஷைகளில் பேசிக் களிகூருகிறோம். மூன்று மாதத்தில் மறுபடியும் வெறுமை. அடுத்த கூட்டம் எப்போது என்று தேடுகிறோம். வெடிப்புள்ள தொட்டியில் தண்ணீர் நிற்காது என்று எரேமியா தீர்க்கதரிசியின் மூலம் கர்த்தர் தம்முடைய ஜனத்திற்கு உணர்த்தினார். மன்னியாத மனதோ, தொழிலில் கள்ளக் கணக்கோ, வேலைக்காரருக்குக் கொடாமல் வைத்திருக்கிற கூலியோ, கசிவு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுவோம். அதை அடைக்க அரை நாளல்ல, அநேக நாட்கள் பிடித்தாலும் சரி. அதற்குப் பின்பு நிரப்பப்படுவது நிலைத்திருக்கும்.

சூடேறிய மொட்டை மாடிகளிலும் உயர்ந்த சுவர்களிலும் பிரயாசப்படுகிற நம்முடைய பிள்ளைகளைக் கர்த்தர் தாமே காத்து, அவர்கள் கையின் கிரியையை உறுதிப்படுத்துவாராக. ஆமென்.