ஐந்தாவது டயர்

கோவை மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு டயர் கடை. மஹிந்திரா தார் ஒன்று சக்கரங்கள் கழற்றப்பட்டு நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. சுவரோரம் புது டயர்கள் நான்கு. வண்டிக்காரப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். டயரின் கட்டைகளுக்கு நடுவே விரலை விட்டுப் பார்க்கிறான். நகம் முழுதும் மறைகிறது. முகத்தில் அத்தனை பூரிப்பு.

என் காருக்கு அலைன்மென்ட் முறை இன்னும் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய டயரில் 245/75 R16 என்று எழுதியிருக்கிறது. புதியதில் 285/75 R16. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். அடுத்தது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரிம்மின் விட்டம் மாறவில்லை. அகலமான புது ரிம் மட்டும் வாங்கியிருக்கிறான். டயரோ 4 சென்டிமீட்டர் பருத்து, 6 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது.

"ரெண்டு இஞ்ச் லிஃப்ட் கிட் போட்டாச்சுங்களேண்ணா, இனி எந்தக் கல்லும் இடிக்காதுங்களே?"

மேஸ்திரி குனிந்து, பின்னச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டையை ஸ்பேனரால் தட்டுகிறார். "ஸ்பிரிங் தூக்குனது பாடியைத்தானுங்க தம்பி. இது இருந்த எடத்துலயேதான் இருக்குது. கல்லு மொதல்ல இதைத்தான் இடிக்கும். இதைத் தூக்கறது டயர் மட்டுந்தான்."

"அப்ப ஆறு சென்டிமீட்டர் ஏறுங்களா?"

"மூணு. மீதி மூணு அச்சுக்கு மேலயல்ல போகுது."

பையன் டயரை இன்னொரு முறை பார்க்கிறான்.

சோப்புத் தண்ணீர் தடவி ரிம்மில் ஏற்றுகிறார்கள். காற்று ஏற ஏற, டயரின் விளிம்பு 'டப்', 'டப்' என்று இரண்டு முறை உட்காருகிறது. பேலன்சிங் மெஷினில் சுற்றிப் பார்த்து எடைக்கட்டி ஒட்டுகிறார்கள். தூக்கி மாட்ட இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. வண்டி தரையில் இறங்கியதும் பையன் நான்கு பக்கமும் நின்று படம் எடுத்துக்கொள்கிறான்.

"ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிங்க."

வலது பக்கம் சத்தமில்லை. இடது பக்கம் பம்பர் ஓரத்தில் கரகரவென்கிறது. மேஸ்திரி அதோடு விடவில்லை. முன்சக்கரம் ஒன்றைக் கட்டைமேல் ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் மறுபடி ஒடிக்கச் சொல்கிறார். இப்போது உள்பக்கத்து பிளாஸ்டிக்கும் உரசுகிறது. சமதளத்தில் இடிக்காதது பள்ளத்தில் இடிக்கும். சாக்பீஸால் கோடு போட்டு, உரசும் ஓரங்களை அறுத்தெடுக்கிறார்கள்.

"மீட்டர் அறுபது காட்டுனா, வண்டி அறுவத்தஞ்சுல போகுதுன்னு வெச்சுக்கோங்க. பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே மிதிங்க, சக்கரம் கனம். மைலேஜைக் கேக்காதீங்க."

பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான். மேஸ்திரியின் கண் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னிக்குப் போகிறது.

"இது பழைய சைஸாச்சே. காட்டுக்குள்ள பஞ்சரானா இதையா மாட்டுவீங்க? ஒரு சக்கரம் சின்னதா இருக்கறப்ப ஃபோர் வீல் போட்டீங்கன்னா, கியரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும்."

"அப்ப அஞ்சாவதும் வாங்கோணுங்களா?"

"வாங்கோணும். அந்தக் கனத்தைக் கதவுக் கீலு தாங்காது. ஒரு பிராக்கெட்டும் போடோணும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு பையனுக்கு யோசனை வருகிறது. "பழைய நாலையும் நீங்களே எடுத்துக்கிட்டு, புதுசு ஒண்ணு கொறச்சுப் போட்டுக் குடுங்கண்ணா."

"எடுத்துக்கலாம். நாளைக்கு ஆர்டிஓ நிறுத்திக் கேட்டா, எதைத் திருப்பி மாட்டுவீங்க?"

கேட்க உரிமை இருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக, நிறுவனம் செய்து கொடுத்த வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கடையில் யாரும் பிரிவு எண்ணைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

ஐந்தாவது டயருக்கு முன்பணம் கட்டியாகிறது. பின்சீட்டை மடித்துப் பழைய டயர்களை ஏற்றுகிறார்கள். இரண்டுதான் கொள்கிறது. எந்தக் காட்டுக்கும் போகும் அந்த வண்டிக்குப் பின்னால், மீதி இரண்டையும் சுமந்துகொண்டு வாடகைக்கு ஓர் ஆட்டோ கிளம்புகிறது.