ஊர்ல எந்தப் பக்கம், தம்பி?

மூணாவது வருஷம் எல்லாருக்கும் ஹாஸ்டல் ரூம் கிடையாதுன்னு நோட்டீஸ் வந்த அன்னைக்கு எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே கொண்டாட்டம். கேட் மூடுற நேரம் கிடையாது, மெஸ் சாம்பார் கிடையாது, வார்டன் கிடையாது. வீடு தேடிக் கிளம்பின முதல் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்த சந்தோஷம் நீடிச்சது.

இந்த வருஷம் வெளியே போகப்போற ஜூனியர்களுக்காக இதை எழுதுறேன். வாடகை, அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன் பத்தியெல்லாம் சீனியர்கள் உங்களுக்கு நிறைய சொல்லுவாங்க. யாரும் சொல்லாத ஒண்ணும் இருக்கு. ரெண்டையும் சேர்த்தே சொல்லிடுறேன்.

நாங்க நாலு பேர். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரத்துல ரெண்டு பெட்ரூம் வீடு வேணும். அவ்வளவுதான் எங்க தேவை. தெருவுக்குத் தெரு டு-லெட் போர்டு தொங்குது. போன் பண்ணா முதல் கேள்வி, "ஃபேமிலியா, பேச்சிலரா?" பேச்சிலர் டிகிரி வாங்கத்தான் நாலு வருஷம் ராத்திரி பகலா படிக்கிறோம். ஆனா அந்த வார்த்தையைச் சொன்னதும் எதிர்முனையில போன் கட் ஆயிடுது. சில போர்டுல "வெஜிடேரியன் மட்டும்"னு எழுதியிருக்கு. அது சாப்பாட்டைப் பத்தின விஷயம் மட்டும் இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

ஆறாவதா பார்த்த வீடு எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. முதல் மாடி, பின்பக்கம் வேப்பமரம், நல்ல காத்து. வீட்டுக்காரர் அன்பாத்தான் பேசினார். உட்கார வெச்சு மோர் கொடுத்தார். அப்புறம் ஒவ்வொருத்தரா விசாரிக்க ஆரம்பிச்சார். சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றார், கூடப் பிறந்தவங்க எத்தனை பேர். நான் சொன்னேன், தலையாட்டினார். இன்னும் ரெண்டு பேர் சொன்னாங்க, தலையாட்டினார். கடைசியா எங்க சிவில்காரன் விழுப்புரம் பக்கம் ஒரு ஊர் பேரைச் சொன்னான்.

"தெரியுமே. ஊர்ல எந்தப் பக்கம், தம்பி?"

சிவில்காரன் பதில் சொல்ல ஒரு நொடி ஆச்சு. பஸ் ஸ்டாப்புக்கு எந்தப் பக்கம்னு அவர் கேட்கலைன்னு அவனுக்குத் தெரியும். எந்தத் தெருன்னு கேட்கிறார். அந்தத் தெருவைச் சொன்னா மீதி எல்லாத்தையும் சொன்ன மாதிரி. சிவில்காரன் மறைக்காம சொன்னான். "சரி தம்பி, வீட்ல கலந்து பேசிட்டு போன் பண்றேன்"னார். சாயங்காலம் போன் வந்தது, எனக்கு. "நீங்க மூணு பேர்னா நாளைக்கே வந்துடுங்க. நாலு பேர் ஜாஸ்தி, தண்ணி பத்தாது."

டீக்கடையில வெச்சு இதைச் சொன்னப்போ சிவில்காரன்தான் முதல்ல பேசினான். "நீங்க எடுத்துக்கோங்கடா. நான் பக்கத்துல ஏதாவது மேன்ஷன் பார்த்துக்கிறேன்." ரொம்ப சாதாரணமா சொன்னான். இதை அவன் முதல் தடவையா சொல்லலைங்கிறது அந்தக் குரல்லயே தெரிஞ்சது. மெக்கானிக்கல்காரன் டீ கிளாஸை வெச்சுட்டு, "ஏழாவது வீடு எங்கடா இருக்கு?"ன்னு மட்டும் கேட்டான். எழுந்து நடந்தோம்.

ஏழு, எட்டு, ஒன்பதும் சரிவரலை. பத்தாவது வீட்டு அம்மா கீழே தையல் கடை வெச்சிருந்தாங்க. எங்க நாலு பேரையும் மேலிருந்து கீழ பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "காலையில அஞ்சரைக்கு மோட்டார் யார் போடுவீங்க?" மெக்கானிக்கல்காரன் கையைத் தூக்கினான். வீடு கிடைச்சிடுச்சு.

அதுக்காக அம்மாவை தெய்வமாக்கிட வேண்டாம். வாடகை 14,000. அட்வான்ஸ் சென்னை வழக்கப்படி பத்து மாசம், அதாவது 1,40,000 கேட்டாங்க. பேசிப் பேசி அஞ்சு மாசத்துக்கு இறக்கினோம். 70,000, ஆளுக்கு 17,500. சிவில்காரன் பங்குக்கு அவங்க அம்மாவோட தோடு அடகுக்குப் போச்சு. இது ஏன் முக்கியம்னா, அட்வான்ஸ்ங்கிறது நமக்கு ஜிபே பண்ற ஒரு நம்பர் மாதிரி தெரியும். வீட்ல அது வேற ஏதோ ஒரு பொருளா இருந்திருக்கும்.

அடுத்தது அக்ரிமெண்ட். ஸ்டாம்ப் பேப்பர்ல முழுக்கத் தமிழ்ல டைப் அடிச்சிருந்தது. நான் எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். "மேற்படி", "பிடித்தம்", "சுவாதீனம்"னு வந்த உடனே என் வேகம் ஆமை வேகம். அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சிட்டு வந்த சிவில்காரன்தான் பத்திரத்தை வாங்கி, கடைக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வரி வரியா சத்தமா படிச்சான். ரெண்டு இடத்துல நிறுத்தினான். காலி பண்ணும்போது வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவாங்கன்னு ஒரு இடம். கரண்டுக்கு யூனிட்டுக்கு 10 ரூபாய்னு இன்னொரு இடம்.

"எல்லாரும் போடுறதுதான் தம்பி"ன்னாங்க அம்மா. சிவில்காரன் பொறுமையா கேட்டான், "மேல் வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கேம்மா, பில்லுல வர்றதை நாங்களே கட்டிடறோமே?" அவங்க யோசிச்சுட்டு ஒத்துக்கிட்டாங்க. வெள்ளையடிக்கிற வரியை, சுவர் பாழானா மட்டும்னு திருத்தி, பக்கத்துல ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம்.

அதுக்கப்புறம்தான் சட்டத்தையும் தேடிப் படிச்சோம். தமிழ்நாட்டுல வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ரெண்டு பேரோட உரிமைகளையும் பொறுப்புகளையும் சொல்ற 2017-ம் வருஷச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுல நமக்கு வேண்டியது இவ்வளவுதான்:

அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது. ஆனா வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கிட்டா அது செல்லும். அதனால நீங்க கையெழுத்துப் போடுற நம்பர்தான் உங்க நம்பர்.

ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும். வாடகை அதிகாரிகிட்ட பதிவும் ஆகணும், இதை ஆன்லைன்லயே பண்ணலாம். பதினொரு மாச அக்ரிமெண்ட்னா பதிவே வேண்டாம்னு புரோக்கர் சொல்லுவார், நம்பாதீங்க. எங்களுக்கு அம்மாவோட மகன் ஒரு நாள் வந்து பதிவு பண்ணிக் கொடுத்தார்.

சண்டை வந்தாலும் வீட்டுக்காரர் தண்ணியையும் கரண்டையும் நிறுத்த முடியாது. வீட்டுக்குள்ள வந்து பார்க்கணும்னா 24 மணி நேரம் முன்னாடி தகவல் சொல்லணும். காலி பண்ணதும், நீங்க வெச்ச பாக்கி போக மீதி அட்வான்ஸை ஒரு மாசத்துக்குள்ள திருப்பித் தரணும்.

சாவி வாங்கின அன்னைக்கே ஒவ்வொரு சுவரையும், குழாயையும், ஸ்விட்ச் போர்டையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து. வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கா, சப் மீட்டரான்னு கேளுங்க. தனி இணைப்புன்னா ரெண்டு மாசத்துக்கு முதல் கொஞ்சம் யூனிட் இலவசம். சப் மீட்டர்னா அந்தச் சலுகை பெரும்பாலும் நம்ம கைக்கு வராது.

இதெல்லாம் படிச்சா, கேட்டா, எழுதி வாங்கினா கிடைக்கும். ஆனா "ஊர்ல எந்தப் பக்கம்?"னு கேட்கிறவரை அந்தச் சட்டம் ஒண்ணும் கேட்காது. வாடகைக்கு விடுறதுக்கு முன்னாடி சாதியோ மதமோ பார்க்கக்கூடாதுன்னு அதுல ஒரு வரி கிடையாது. அந்தக் கேள்விக்கு எதிரா அன்னைக்கு எங்க கையில இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்: நாலு பேரும் எழுந்து வர்றது. மூணு பேருக்கு மட்டும் கிடைக்கிற வீடு வேண்டாம்னு சொல்ல மூணு பேர் தேவைப்படுது. உங்க குரூப்லயும் ஒருத்தர் "நீங்க எடுத்துக்கோங்க"ன்னு சாதாரணமா சொல்லுவார். அப்போ வேப்பமரத்தையும் காத்தையும் நினைக்காதீங்க.

மே மாசம் நாங்க காலி பண்றோம். அட்வான்ஸ் வந்ததும் முதல் வேலை சிவில்காரன் அம்மாவோட தோட்டை மீட்கிறது. அடுத்து யாரைக் குடிவைக்கலாம்னு தையல் கடை அம்மா எங்ககிட்டயே கேட்டிருக்காங்க. நாலு பேர் வேணும். எந்த ஊர், எந்தப் பக்கம்னு நாங்க கேட்க மாட்டோம். காலையில அஞ்சரைக்கு எழுந்திருக்கிற ஆள் ஒருத்தராவது இருக்காரான்னு மட்டும் கேட்போம்.