கேமரன் மலைத் தண்ணீருக்கு உப்பு எதற்கு?

கேமரன் மலைக்கு ஏற நமக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக வளைந்து வளைந்து போகும் பழைய சாலை ஒன்று. ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயில் பிரிந்து கம்போங் ராஜா வழியாக ஏறும் அகலமான சாலை மற்றொன்று. பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டக்கூடாது என்று நினைப்பவர்கள் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். மலைத் தண்ணீரைப் புரிந்துகொள்ளவும் அந்த வழியே நல்லது.

சிம்பாங் பூலாயில் சாலையோரம் வெள்ளை வெளேரென்று நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள். சிலவற்றைப் பாதியாக வெட்டிப் பளிங்குக்கல் எடுத்துவிட்டார்கள். தைப்பூசத்துக்கு ஈப்போ மக்கள் காவடி எடுக்கும் கல்லுமலைக் கோயிலும் இதே இனத்துக் குன்றின் மடியில்தான் இருக்கிறது. நம் பத்துமலையும் சுண்ணாம்புக் கல்தான். அங்கே படியேறி உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தால், கூரையிலிருந்து ஆலமர விழுதுபோல் கற்கள் தொங்கும். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கிச் சொட்டுச் சொட்டாக விட்டுப்போன படிவு அது.

வீட்டில் தண்ணீர் காய்ச்சும் கெண்டியின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதுவும் இதே சமாச்சாரம்தான். கால்சியமும் மக்னீசியமும் நிறையக் கரைந்த தண்ணீரைக் கடின நீர் என்கிறோம். சவர்க்காரம் நுரைக்காது. குளியலறைக் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழும். வாட்டர் ஹீட்டருக்குள் சுண்ணாம்பு படிந்து மின்கட்டணம் ஏறும்.

சிம்பாங் பூலாயைத் தாண்டி வண்டி ஏற ஏற, அந்த வெள்ளைக் குன்றுகள் பின்னால் போய்விடுகின்றன. மண் சிவக்கிறது. அறுத்த சரிவுகளில் தெரிவது சாம்பல் நிறக் கருங்கல். தித்திவங்சா மலைத்தொடரின் உடம்பே கருங்கல்தான். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் நிற்கும் பிரிஞ்சாங் மலையும் அதன் ஒரு முகடு. கருங்கல்லில் மழைநீர் கரைத்தெடுக்க அவ்வளவாகச் சுண்ணாம்பு இல்லை. அதனால் மலையில் ஊறும் நீர் மென்மையாகவே இறங்கி வருகிறது.

இதற்குச் சாட்சி சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டாம், தேயிலைச் செடியே போதும். தேயிலைக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண் அதற்கு ஒத்துவராது. வில்லியம் கேமரன் 1885-இல் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தார். அவர் பெயரே ஊருக்கு நிலைத்தது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. நம் தாத்தா பாட்டிமார் காட்டை வெட்டி, சரிவில் நின்று கொழுந்து பறித்து வளர்த்த செடிகள் இவை. இலங்கையை எண்ணிப் பாருங்கள். நுவரெலியாவில் தேயிலை, யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லைத் தோண்டிய கிணறு. ஒரே தீவில் ஒரு பக்கம் மென்னீர், மறுபக்கம் கடின நீர். நீலகிரி, மூணாறு, கேமரன் மலை எல்லாம் நுவரெலியாவின் பக்கம்.

சுங்கை பாலாஸ் தோட்டத்துத் தேநீர்க் கடையில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு கோப்பை வெறும் தேநீர் வாங்கிக் குடித்துப் பாருங்கள். நிறம் பளிச்சென்று இருக்கும், மேலே ஆடை படியாது. அதே இலையைக் கடின நீரில் போட்டால் நிறம் மங்கி, மேலே எண்ணெய்போல் ஒரு படலம் மிதக்கும். அந்தப் படலத்துக்குக் காரணம் நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும்தான் என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி வேதியியலாளர்கள் 1993-இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள். பிரிட்டனில் கடின நீர் வரும் ஊர்களுக்கென்றே தனித் தேயிலைக் கலவை விற்கிறார்கள். மலையில் வாங்கிய தேயிலை வீட்டில் அதே சுவை தரவில்லை என்றால், கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் குழாயைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், போன முறை தானா ராத்தாவில் தெரிந்த அக்கா ஒருவர் வீட்டில் பசியாறப் போயிருந்தேன். தோசையை வைத்துவிட்டு ஒரு வண்ணத்தாளை என் முன்னால் போட்டார்.

"தம்பி, ரேடியோவுல எல்லாத்தையும் பத்திப் பேசுறீங்களே, இதைப் பார்த்துச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்த பையன், தண்ணி ரொம்பக் கெட்டுப் போச்சு, சாஃப்ட்னர் போடணும்னு சொல்றான். மூவாயிரம் வெள்ளிக்கு மேல ஆகுமாம்."

"தண்ணியில என்ன குறைன்னு சொன்னாரு அக்கா?"

"மழை பேஞ்சா பழுப்பா வருது. வெள்ளைத் துணியெல்லாம் மஞ்சளாகுது."

கெண்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் வெள்ளைப் படிவு இல்லை. ஒரு போத்தலில் பாதி தண்ணீர் பிடித்து, சாதாரண சவர்க்காரக் கட்டியிலிருந்து கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்கினோம். கழுத்துவரை நுரை வந்தது. கடின நீராக இருந்தால் நுரை எழாமல் தயிர் திரிந்ததுபோல் கலங்கியிருக்கும். அந்த வீட்டுக்குச் சாஃப்ட்னர் தேவையே இல்லை. அங்கே தொந்தரவு கொடுப்பது சேறு.

இரண்டுக்கும் வேறுபாடு தெரியாமல் பணம் கட்டினால் நட்டம் இருமடங்கு. சாஃப்ட்னர் தொட்டிக்குள் இருப்பவை ரெசின் என்னும் சிறு மணிகள். அவை கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை நீரில் விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். சேற்றை வடிகட்டுவது அவற்றின் வேலை அல்ல. சேறும் துருவும் போய் ஒட்டினால் மணிகளே கெட்டுப்போகும். ஏற்கெனவே மென்மையான நீரை மென்மையாக்க மாதந்தோறும் உப்பு மூட்டை வேறு வாங்க வேண்டிவரும்.

பழுப்பு நீர் வரும் வீட்டில் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். காலையில் குழாயைத் திறந்த முதல் ஒரு நிமிடம் மட்டும் பழுப்பாக வந்து பிறகு தெளிந்தால், அது பெரும்பாலும் உங்கள் வீட்டுப் பழைய இரும்புக் குழாயின் துரு. குழாயை மாற்றுவதே வைத்தியம். மழை பெய்த நாளெல்லாம் பழுப்பாக வந்து, வாளியில் பிடித்து வைத்தால் ஓரிரவில் அடியில் மண் படிந்தால், அது சேறு. பிரதான குழாயில் படிவு வடிகட்டியோ, கழுவி விடக்கூடிய மணல் வடிகட்டியோ போதும். மேல்தொட்டியை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழுவுங்கள். குடிநீருக்குச் சமையலறையில் தனியாக ஒரு வடிகட்டி வைத்தாலும், ஓடை நீராக இருந்தால் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

அப்படியானால் சாஃப்ட்னர் யாருக்குத் தேவை? நம் நாட்டில் பெரும்பாலான நகரங்களுக்குக் குழாய்நீர் ஆற்றிலிருந்து வருகிறது. அது பொதுவாக மென்மையானது. சுண்ணாம்புப் பாறைப் பகுதியில் கிணற்று நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ நம்பியிருக்கும் வீடுகளுக்குத்தான் இது உண்மையான தொல்லை. சென்னை, மதுரைப் பக்கம் சொந்த ஊரில் வீடு கட்டுபவர்களுக்கும் போர் தண்ணீரில் இதே பாடு.

வாங்குமுன் நீரை அளந்துவிடுங்கள். மீன் தொட்டிப் பொருள்கள் விற்கும் கடையில் 'ஜி.எச்.' சோதனைத் துளிகள் மலிவாகக் கிடைக்கும். அதில் ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம். 60 மில்லிகிராம் வரை மென்னீர். 120 வரை நடுத்தரம். 180 வரை கடினம். அதற்கு மேல் மிகக் கடினம். மலேசியக் குடிநீர்த் தரம் 500 வரை அனுமதிக்கிறது. கடின நீரால் உடம்புக்குக் கேடு என்று உலகச் சுகாதார நிறுவனமும் எல்லை எதுவும் வகுக்கவில்லை. ஆகவே "இந்தத் தண்ணியைக் குடிச்சா கிட்னி போயிடும்" என்று பயமுறுத்துபவரிடம் வாங்காதீர்கள். விற்பனையாளர் கையில் இருக்கும் டி.டி.எஸ். கருவி கரைந்த எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். கடினத்தை மட்டும் அது தனியாகச் சொல்லாது.

அளவு பார்க்கச் சின்னக் கணக்கு ஒன்று போதும். நான்கு பேர், ஆளுக்கு 200 லிட்டர் என்றால் நாளுக்கு 800 லிட்டர். கடினம் 200 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 160 கிராம் சுண்ணாம்பை அகற்ற வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 10 லிட்டர் ரெசின் தொட்டி மூன்று நாளைக்கு ஒருமுறை உப்பில் கழுவப்படும். அதைவிடச் சிறியது இன்னும் அடிக்கடி கழுவச் சொல்லும். நாள் கணக்கில் கழுவும் கருவியைவிட, ஓடிய நீரை அளந்து கழுவும் கருவி உப்பையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும். கிணற்று நீரில் மண்ணோ இரும்போ இருந்தால் அவற்றை நீக்கும் வடிகட்டி முதலில், சாஃப்ட்னர் பிறகு. உப்பே வேண்டாத காந்தக் கருவிகள் நீரிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை. அதைச் சொல்லாமல் விற்பவர்கள் உண்டு.

இன்னொன்றும் முக்கியம். 300 மில்லிகிராம் கடினமுள்ள நீரை மென்மையாக்கினால், லிட்டருக்கு 140 மில்லிகிராம் அளவு சோடியம் கூடும். இரத்த அழுத்தக்காரர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு தனிக் குழாய் பிரித்து வையுங்கள். மென்மையாக்கிய நீரைப் பூஞ்செடிகளுக்கும் ஊற்ற வேண்டாம்.

தானா ராத்தா அக்காவின் வாளிக்கு வருவோம். அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது? தேயிலைப் புதர் நெருங்கி வளர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். காட்டை மொட்டையடித்துப் பிளாஸ்டிக் கூரை போட்ட சரிவுகளில் மழை நேராக மண்ணை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. பெர்த்தாம் ஆறு அதைச் சுமந்துபோய் ரிங்லெட்டில், 1960-களில் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரியில் கொட்டுகிறது. ஏரியில் சேறு ஏறினால் மழைநீரைத் தேக்க இடம் குறைகிறது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அந்த அணையைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பறிபோயின. 'ரீச்' என்னும் கேமரன் மலைச் சுற்றுச்சூழல் அமைப்பினர் காட்டழிப்பைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்து நீரில் கலந்தால், மணல் வடிகட்டியும் சாஃப்ட்னரும் அதைத் தடுக்காது.

அக்கா கடைசியில் படிவு வடிகட்டி ஒன்றை மாட்டிக்கொண்டார். சாஃப்ட்னருக்குக் கேட்ட விலையில் சிறு பங்குதான் செலவானது. தண்ணீர் தெளிவாக வருகிறது. ஆனால் மழைக்காலத்தில் வடிகட்டியை வாரம் ஒருமுறை கழற்றினால் சிவப்பு மண் கைநிறைய வருகிறதாம். "மலை கொஞ்சம் கொஞ்சமா என் வீட்டுக்கு வருது தம்பி" என்றார்.